செங்கழுத்தானும் நீலக்கழுத்தானும்

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து தரையில் கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓடை உண்டு. நெடுங்கல் ஓடை என்பார்கள். அதன் கரையில் ஒரு ஓலைச்சாய்ப்பு. அதற்குள் இருந்தவருக்கு இலைச்சாமி என்று பேர்.

பேர் வந்த கதை பெரிய கதை இல்லை. முன்னால் அவர் டவுனில் தையல்காரர். ஒருநாள் மிஷினைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. மந்தாரை இலையைப் பறித்து, ஈர்க்குக்குச்சி குத்தி, சாப்பாட்டு இலை தைக்க ஆரம்பித்தார். சுத்துப்பட்டு ஊர்களில் கோயில் கொடை விழா என்றால் அவர் தைத்த இலைதான்.

“சட்டை தைச்சா அளவு சரியில்லைன்னு சண்டைக்கு வாரான். இலை தைச்சா தின்னுட்டு எறிஞ்சுட்டுப் போறான். எது நிம்மதி, நீங்களே சொல்லுங்க” என்பார்.

சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு முப்பத்தெட்டு வயசு. அவரிடம் பாடம் கேட்க வந்த முப்பிடாதிக்கு நாற்பது தாண்டியிருந்தது.

பாடம் கேட்க வந்தாள் என்று சொல்வதும் முழுசாகச் சரியில்லை. புருஷன் செத்த மறுவருஷம் இலை தைக்கத்தான் வந்தாள். காலையில் சரிவில் ஏறி இலை பறிப்பாள். பொழுது சாய வந்து உட்கார்ந்து தைப்பாள். தைக்கிறபோது மனசில் இருப்பதைக் கேட்பாள். சாமி பதில் சொல்லுவார், சில நாள் சொல்லாமலும் இருப்பார். அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

“சாமி, நான் உங்க சிஷ்யைதான?” என்று ஒரு தரம் கேட்டாள்.

“நீ தைச்ச இலையில ரசம் ஒழுகாம நிக்கட்டும். பொறவு பாப்போம்.”

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கையில் ஒரு கத்திரிக்கோல் வைத்திருப்பாள். பெரிய இலையைச் சின்ன இலைக்குச் சமமாக ஓரம் நறுக்கிவிட்டுத்தான் தைப்பாள். சாமி பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

“அளவு பாத்து வெட்டாத. ஓட்டை எங்கன இருக்குன்னு பாரு.”

அவள் தலையை ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டே நறுக்குவாள்.

*

முப்பிடாதிக்கு ரெட்டைப் பிள்ளைகள். ரெண்டும் பெண். மூத்தது மாடத்தி, அரைமணி நேரம் கழித்துப் பிறந்தது பேராச்சி. பால் ரெண்டுக்கும் எட்டவில்லை. அவள் நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. நாற்பது நாள் கழிந்ததும் ரெண்டில் ஒன்றைத் தூக்கி நாத்தனார் மடியில் வைத்தார்கள். எதைக் கொடுக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. எது தூங்கிக்கொண்டிருந்ததோ அதைக் கொடுத்தார்கள், அழாமல் போகட்டும் என்று.

நாத்தனார் புருஷன் முனிரத்தினம் தர்மபுரிப் பக்கத்து ஆள். அணை கட்டுகிற வேலைக்கு இங்கே வந்து, பெண் கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் ஊரோடு போய்விட்டவர். பேராச்சி அங்கேதான் வளர்ந்தாள். நாத்தனாரைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். அந்த முறையில் முப்பிடாதி அவளுக்கு அத்தை.

பதினாறு வருஷம் கழித்து, போன புரட்டாசியில், நாத்தனார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஐப்பசியில் முனிரத்தினம் ஒரு துணிப்பையோடு பேராச்சியைக் கூட்டிவந்தார். அவளைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பங்குனி உத்திரம் வரைக்கும் இருக்கட்டும்மா. உத்திரத்துக்கு நான் வர்றேன். வச்சுக்கறேன்னு நீ சொன்னா இங்கியே இருக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயி எங்க அக்கா வீட்ல விடறேன். ஆனா ஒண்ணு. பாவம்னு வச்சுக்காத. அவளுக்கு அது உடனே தெரிஞ்சிடும்.”

முப்பிடாதி அன்றிலிருந்து ஒரு நூல் பிசகாமல் நடந்துகொண்டாள். ஒரே துணியில் ரெண்டு பாவாடை. ஒரே நாளில் ரெண்டு தலைக்கும் எண்ணெய். மாடத்திக்கு மூணு தோசை என்றால் பேராச்சிக்கும் மூணு. ஒரு முட்டை இருந்தால் நூலை வைத்து நடுவில் அறுப்பாள். ஊரில் ஒருத்தி ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

அப்படியே கார்த்திகை போனது, மார்கழி போனது. தை பிறந்த வாரத்தில் ஒருநாள் சாமி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“தைச்சுக்கிட்டே கேளு.”

“கை ஓட மாட்டேங்கு.”

சாமி தன் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்.

“ஒரே வயித்துல ஒரே நாள்ல பிறந்த ரெண்டு, சாமி. மாடத்தி மேல பாசம் தானா வருது. அவ திட்டினாலும் வருது. பேராச்சி மேல நான் வரவழைக்க வேண்டியிருக்கு. விருந்தாளி வந்த வீடு மாதிரியே மூணு மாசமா இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்னு தெனமும் எனக்கு நானே சொல்லுதேன். உத்திரத்துக்கு அண்ணன் வந்து கேப்பாக. நெஞ்சுல இல்லாததை நான் எப்படிச் சொல்ல? ரெண்டையும் ஒண்ணாப் பாக்க எனக்கு ஒரு வழி சொல்லுங்க.”

சாமி ஓடைப் பக்கம் திரும்பினார்.

“இங்கன ஒரு ஈப்பிடிச்சான் வருமே, பாத்திருக்கியா?”

“நீலமா, சின்னதா. அஞ்சு வருசமா பாக்கேன்.”

“எத்தனை?”

“ஒண்ணுதான்.”

“ரெண்டு சாதி. ஒண்ணு இங்கனயே கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, இங்கனயே கிடக்கிறது. இன்னொண்ணு வடக்க இருந்து ஐப்பசியில வந்துட்டுப் பங்குனியில போறது. பொழுது மசங்குறதுக்கு முன்னால ரெண்டும் அந்தக் குழித்தண்ணிக்குக் குளிக்க வரும். எது எதுன்னு பாத்துச் சொல்லு. பொறவு உன் கேள்விக்கு வாரேன்.”

“நான் பிள்ளையைக் கேட்டா நீங்க குருவியைச் சொல்லுதீங்க.”

“நீ இலை தைக்க வந்துட்டுப் பிள்ளையைக் கேட்ட. நான் ஏதாவது சொன்னேனா?”

*

மறுநாள் முப்பிடாதி பாறையில் போய் உட்கார்ந்தாள். இலைக்கட்டைச் சுமக்கப் பேராச்சியும் கூட வந்திருந்தாள். மாடத்திக்குப் பள்ளிக்கூடம் விட்டு டியூஷன். பேராச்சி பத்தாவதோடு நின்றுவிட்டவள்.

வந்தது ஒரு நீலப்பறவை. சாய்ந்த ஒரு கிளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. விசுக்கென்று பாய்ந்து காற்றில் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, போன வழியே திரும்பி அதே கிளைக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூங்கில் புதருக்குள் இன்னொரு நீல முதுகு. அதுவும் பாய்ந்தது, அதுவும் திரும்பிவந்து உட்கார்ந்தது.

முப்பிடாதி சாய்ப்புக்கு வந்தாள்.

“ஒரே பறவைதான் சாமி. அங்க கொஞ்ச நேரம் இருக்கு, இங்க கொஞ்ச நேரம் இருக்கு.”

“சரி. நாளைக்கு வா.”

நாளைக்கும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். எல்லாம் நீல முதுகுதான். நாலாம் நாள் ரெண்டு முதுகும் ஒரே நேரத்தில் தெரிந்தன. அவளுக்கே சிரிப்பு வந்தது.

“ரெண்டுதான் சாமி. ஒத்துக்கிடுதேன்.”

“எது எப்படி இருக்கு?”

“கிளையில இருக்கிறது நல்லாப் பாடுது. ஆறேழு சுரம், கொலுசு குலுக்கின மாதிரி. மூங்கில்ல இருக்கிறது பாடல. கிளையில இருக்கிறது பயப்படல. மூங்கில்ல இருக்கிறதுக்குத் தைரியம் இல்ல. வெளிச்சத்துக்கு வரமாட்டேங்கு. ஆள் இருந்தா குளிக்கவும் மாட்டேங்கு.”

“ஒண்ணைப் பத்திச் சொல்லிட்ட. இன்னொண்ணு?”

“அதான் சொன்னனே சாமி. பாடல, வரல, குளிக்கல.”

“இல்லாததையே சொல்லுத. இல்லாததுக்கு ஏது றெக்கை?”

முப்பிடாதிக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இலைக்கட்டைப் பிரித்து உட்கார்ந்து, ஓரம் நறுக்கப் போனாள். கத்திரிக்கோல் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

“ஏட்டி மாடத்தி, அந்தக் கத்திரியை எடு.”

பேராச்சிதான் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

சாமி ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார்.

“மாடத்தியைப் பேராச்சின்னு கூப்பிட்டா வருவாளா?”

“அவளா? நான் என்ன பேராச்சியான்னு கேட்டுட்டு நகர மாட்டா.”

“ம்” என்றார் சாமி. அவ்வளவுதான்.

*

மாசி பிறந்தது. முப்பிடாதிக்குப் பறவை பார்ப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. ஆனால் முதுகைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. ஒருநாள் பாறையில் உட்கார்ந்தபடி சலித்துக்கொண்டாள்.

“என்ன எழவு, எப்பப் பாத்தாலும் முதுகைத்தான் காட்டுது.”

பக்கத்தில் பேராச்சி குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். கேட்டால் தவிர பேசாத பிள்ளை அன்றைக்குத் தானாகப் பேசினாள்.

“தண்ணி குடிக்கறப்பப் பாருங்க அத்தை. தலையைத் தூக்கும்.”

முப்பிடாதி பார்த்தாள். கிளைப்பறவை இறங்கி வந்து ஒரு சொட்டு உறிஞ்சிவிட்டு அண்ணாந்தது. கழுத்தும் நெஞ்சும் ஒரே செம்மண் நிறம், மழை பெய்த மறுநாள் தேரிக்காடு மாதிரி. அது குளித்து முடித்துப் போகும்வரை மூங்கில் பறவை இறங்கவில்லை. அது போன பிறகு இறங்கியது. குடித்தது. அண்ணாந்தது.

கழுத்து முழுக்க நீலம். நெஞ்சில் இருந்துதான் செம்மண் நிறம் ஆரம்பித்தது. அதிலும் நடுவில் ஒரு சின்னக் கூம்பு, விளக்குச்சுடர் மாதிரி, நீலத்துக்குள் ஏறி நின்றது.

“ஏ யம்மா” என்றாள் முப்பிடாதி, மெதுவாக. “இவ்வளவு அழகை வச்சுக்கிட்டா புதருக்குள்ள கிடந்துது?”

“அது உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாக்குதுங்க அத்தை” என்றாள் பேராச்சி. “செங்கழுத்து பாக்கறதே இல்ல. பொத்துனு வந்து உக்காந்துக்குது.”

“அது ஏன்?”

“செங்கழுத்துக்கு அது தன்னோட கிளை. இது புதுசா வந்ததில்லீங்களா. யாரோட கிளைன்னு தெரியாது.”

சொல்லிவிட்டு அவள் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி பறவையைப் பார்க்கவில்லை.

வீட்டில் பேராச்சி எப்போதும் நிலைப்படியில் நிற்பாள். உள்ளே வந்தாலும் உடனே உட்கார மாட்டாள். ஒரு சுற்றுப் பார்ப்பாள், மறுபடி ஒரு சுற்றுப் பார்ப்பாள், பிறகு சுவரோரமாக உட்காருவாள். ‘வீட்டை நோட்டம் பாக்கா பாரு, வடக்கத்தித் திமிரு’ என்று முப்பிடாதி ரெண்டு தரம் மாடத்தியிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தரம் பேராச்சி காதில் விழுகிற மாதிரியே சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாய்ப்புக்கு வந்ததும் சாமியிடம் கழுத்து ரெண்டையும் பற்றிச் சொன்னாள். இப்போது இல்லாதது எதையும் சொல்லவில்லை. கூம்பைப் பற்றிச் சொன்னாள். ரெண்டு தரம் பார்த்துவிட்டு உட்காருவதைச் சொன்னாள். ஒன்றுக்கு வெளிச்சம், ஒன்றுக்கு மூங்கில் நிழல் என்றாள்.

“நீலக்கழுத்துன்னா சிவன் அம்சமா சாமி? அதுதான் ஒசத்தியோ?”

“அது ஓடைத்தண்ணி குடிச்ச கழுத்து முப்பிடாதி. ஆலகாலம் குடிச்சது இல்ல.”

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

சாமி அவள் போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“செங்கழுத்தான் என்ன திங்குது?”

“ஈ, பூச்சி.”

“நீலக்கழுத்தான்?”

“அதுவும் ஈ, பூச்சிதான்.”

“பேராச்சிக்கு என்ன பிடிக்கும்?”

“எது போட்டாலும் சாப்பிடுவா சாமி. அந்தக் குறை சொல்ல முடியாது. தட்டுல ஒரு பருக்கை கிடக்காது.”

“அது மரியாதை. நான் கேட்டது அது இல்ல.”

முப்பிடாதி யோசித்துப் பார்த்தாள். மாடத்திக்குப் பிடித்தது, பிடிக்காதது, முறுக்கிக்கொண்டால் எதைக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரலாம் என்பது வரைக்கும் விடிய விடியச் சொல்லுவாள். பேராச்சிக்குப் பிடித்தது ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

*

போகிற வழியிலேயே கேட்டாள்.

“ஏட்டி, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?”

“எல்லாமே நல்லாத்தாங்க இருக்குது அத்தை.”

“அதைக் கேக்கல. நெனைச்சா எச்சில் ஊறுமே, அதைச் சொல்லு.”

பேராச்சி பத்தடி நடந்தாள். பிறகு, ஏதோ திருடியதை ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னாள்.

“களிங்க.”

இந்தப் பக்கம் கேப்பையில் கூழ் காய்ச்சுவார்கள். களி கிண்டி யாருக்கும் பழக்கம் இல்லை. முப்பிடாதி மறுநாள் கடையில் கேப்பை மாவு வாங்கினாள். ரெண்டு பிள்ளைகளும் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முடித்துவிட நினைத்தாள். உலையில் மாவைக் கொட்டி அகப்பையால் கிண்டினாள். மாவு அங்கங்கே உருண்டு கட்டி தட்டியது. அடியும் பிடித்தது. அகப்பைக் காம்பு படக்கென்று முறிந்தது.

முதலில் வந்தது மாடத்தி. எட்டிப் பார்த்தாள்.

“எம்மா, யாரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுத?”

“வாயை மூடுட்டி. களி.”

“இதைத் தின்னா நாளைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுத்தான் வயித்தைத் தொறக்கணும்.”

பின்னாலேயே பேராச்சி வந்தாள். அடிப்பிடித்த வாசனை அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. நிலைப்படியில் நின்றாள். அடுப்பைப் பார்த்தாள். முறிந்த அகப்பையைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்து, கன்னத்தில் மாவு ஒட்டி நிற்கிற முப்பிடாதியைப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. இந்த நாலு மாசத்தில் அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டதில்லை.

“இப்படியா கிண்டுவாங்க? அகப்பையெல்லாம் ஆகாதுங்க. துடுப்பு வேணும். மாவைக் கொட்டினதும் கை வைக்கவே கூடாது, வேகட்டும்னு விட்டுடணும். நகருங்க அத்தை, நகருங்க.”

விறகுக்கட்டில் இருந்து ஒரு தட்டையான கட்டையை உருவி, கழுவிச் செதுக்கினாள். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டினாள். மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள், இவள் அதட்டி அதட்டிப் பதில் சொன்னாள். கீரையைக் கடைந்து, களியை உருட்டி மூணு தட்டில் வைத்தாள். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில், நட்டநடுவில், பொத்தென்று உட்கார்ந்தாள்.

சுற்றிப் பார்க்கவில்லை. ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

முப்பிடாதி களியை வாயில் வைத்தாள். கீரையை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

பேராச்சி அன்றைக்கு நாலு உருண்டை சாப்பிட்டாள். மாடத்தி ஒன்றோடு எழுந்து பழைய சோற்றைத் தேடினாள். முப்பிடாதி யாருக்கும் எண்ணிப் போடவில்லை.

படுக்கும்போது பேராச்சி மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா களி கிண்டறப்ப ஒரு பாட்டுப் பாடும் அத்தை.”

“என்ன பாட்டு?”

“பாட்டு மறந்துபோச்சு. பாடும்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்குது.”

முப்பிடாதி அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாத்தனாரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே வீட்டில் அடுப்படியில் எந்த மூலையில் உட்காருவாள், கோபம் வந்தால் எப்படி மூக்கு விடைக்கும், எல்லாம். பேராச்சி கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். அவள் தூங்குவதை முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

*

உத்திரத்துக்கு முந்தின நாளே முனிரத்தினம் வந்துவிட்டார். கையில் ஒரு மூட்டை. திறந்தால் கேழ்வரகு.

“அவளுக்குத் தேவைப்படும்னு எடுத்தாந்தேன். இங்க இருந்தா இங்க, இல்லேன்னா திரும்பத் தூக்கிட்டுப் போறேன்” என்றார். உட்காரவில்லை. “சொல்லும்மா.”

பேராச்சி கிணற்றடியில் இருந்தாள். வாளி கயிற்றோடு கையில் நின்றுவிட்டது. காது இங்கே இருந்தது.

“இருக்கட்டும் அண்ணே.”

“பாவம்னு பாத்து...”

“பாவம் நான்தான் அண்ணே. இவ இல்லேன்னா எனக்குக் களி கிண்டத் தெரியாது.”

முனிரத்தினம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் திரும்பாமல் நின்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

பேராச்சி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிறு சரசரவென்று இறங்கியது.

“நீ என்ன கண்ணு சொல்ற?” என்றார் அவர், வெளியே வந்து.

“புரட்டாசியில அம்மாவுக்குத் திதி குடுக்க வருவேன்ப்பா. பத்து நாள் இருப்பேன்” என்றாள். அவள் பதில் அதுதான்.

*

உத்திரம் கழிந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. முப்பிடாதி பேராச்சியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தாள். பாறையில் உட்கார்ந்தாள். செங்கழுத்தான் கிளையில் இருந்து பாடியது. மூங்கிலில் ஒரு கொம்பு காலியாக இருந்தது. வெளிச்சம் மங்கும் வரை இருந்து பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது.

சாய்ப்புக்கு வந்து இலைக்கட்டைப் பிரித்தாள். ரெண்டு மூணு இலை தைத்தாள்.

“நீலக்கழுத்தான் போயிட்டு, சாமி.”

“நேத்தே போயிட்டு.”

“ஐப்பசியில அதே கொம்புக்கு வருமா?”

“ஒன்பது வருசமா அந்தக் கொம்புல ஒண்ணு வந்து உக்காருது. அதேதானான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கொம்பை யாரையும் வெட்ட விடுறதில்ல.”

முப்பிடாதி தைத்தாள். பெரிய இலையும் சின்ன இலையும் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி, தட்டு கோணல்மாணலாக வந்தது. தைத்ததைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பார்த்தாள். கத்திரிக்கோலை அவள் கொண்டுவரவில்லை. சாமி அதைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை.

“சாமி.”

“ம்.”

“அண்ணன்கிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டேன். மனசாரத்தான் சொன்னேன். அதுல பொய் இல்ல.”

“சரி.”

“ஆனா நான் உங்ககிட்ட கேட்டது நடக்கல சாமி. ரெண்டையும் ஒண்ணாப் பாக்க வழி கேட்டேன். இன்னமும் ரெண்டும் ஒண்ணா இல்ல. மாடத்தி மேல இருக்கிறது ஒரு மாதிரி இருக்கு. பேராச்சி மேல இருக்கிறது வேற மாதிரி இருக்கு. அவ ஒரு வார்த்தை பேசினா எனக்கு ஒரு நாளைக்குப் போதும், மாடத்தி நாள் பூரா பேசினா காது வலிக்கு. ஒண்ணுகூட ஒண்ணு போல இல்ல. நான் ஏதும் தப்புப் பண்ணுதேனா?”

சாமி ஒரு ஈர்க்கை எடுத்து அவள் தைத்த தட்டின் நடுவில் இருந்த சின்ன ஓட்டையில் குத்தினார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

“மொத நாள் ஓடைக்குப் போயிட்டு வந்து என்ன சொன்ன?”

“ஒரே பறவைதான்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்ச வரைக்கும் நீ ஒண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்த.”

ஓடைக்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பேராச்சி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். முப்பிடாதி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.